பழைய வேலையை விட்ட கதை: நேர்காணலில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

முந்தைய நிறுவனத்திலிருந்து ஏன் விலகினீர்கள் என்பது அனுபவசாலிகளுக்கான எந்த நேர்காணலிலும் தவறாமல் வரும் கேள்வி. நல்லபடியாக விடைபெற்று வந்தவருக்கு அது அரை நிமிடத்தில் கடந்துபோகும். வேலையை விட்டு எடுக்கப்பட்டவர், ராஜினாமா செய்யும்படி நெருக்கப்பட்டவர், மேலாளரோடு ஒத்துப்போகாமல் வெளியேறியவர், உடல்நிலையாலோ வீட்டுச் சூழலாலோ அடுத்த வேலை கையில் இல்லாமல் விலகியவர் ஆகியோருக்கு நேர்காணல் முழுவதுமே அந்த ஒரு கேள்வியைச் சுற்றி நடப்பதாகத் தோன்றும். கேட்பவர் தேடுவது ஒன்று, பதில் சொல்பவர் அஞ்சுவது வேறொன்று. சிக்கலில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் இருக்கிறது.

கேட்பவருக்கு நடந்த கதை முழுவதும் வேண்டியதில்லை. அங்கே நடந்தது இங்கேயும் நடக்குமா, இவர் சொல்வது பிறகு வரும் ஆவணங்களோடு பொருந்துமா என்ற இரண்டும் தெரிந்தால் அவருக்குப் போதும். பதில் சொல்பவரோ தன்மேல் ஒரு வழக்கு நடப்பதாக எண்ணிக்கொண்டு, யார் சரி, யார் தவறு என்று நிறுவப் பார்க்கிறார். பத்து நிமிடம் வாதாடி முடித்த பிறகும் கேட்பவரின் இரண்டு ஐயங்களும் அப்படியே நிற்கின்றன. அவருடைய பக்கமே நியாயமாக இருந்தாலும் நிலைமை மாறுவதில்லை. அறைக்குள் இருப்பவர்களுக்கு எதிர்த்தரப்பைக் கேட்கும் வழியில்லை. ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்ல அவர்கள் உட்கார்ந்திருக்கவும் இல்லை.

இந்தியத் தனியார் துறையில், குறிப்பாகத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில், இதற்குமேல் ஒரு சிக்கல் உண்டு. இங்கே வெளியேற்றம் பல நேரங்களில் காகிதத்தில் ராஜினாமாவாகவே பதிவாகிறது. ஊழியரை அறைக்கு அழைத்து, தானாகப் பேப்பர் போட்டால் ரிலீவிங் லெட்டர் ஒழுங்காக வரும், மறுத்தால் பணிநீக்கக் கடிதம்தான் வரும் என்று மனிதவளத் துறையினர் சொல்வார்கள். 2017 ஜூலையில் டெக் மஹிந்திரா நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கும் மனிதவள அதிகாரிக்கும் நடந்த தொலைபேசிப் பேச்சின் ஒலிப்பதிவு வெளியே வந்தபோது, அதுவரை அறைக்குள்ளேயே நடந்துவந்த இந்த முறையை ஊரே காதால் கேட்டது. மறுநாள் காலை 10 மணிக்குள் ராஜினாமா செய்ய வேண்டும், செய்தால் அது வழக்கமான விலகலாகக் கருதப்படும், இல்லையென்றால் பணிநீக்கம் என்று குரல் உயராமல் சொல்கிறது அந்தப் பதிவு. நிறுவனத் தலைவர் ஆனந்த் மஹிந்திரா பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார்.

அப்படி எழுதி வாங்கப்படும் கடிதத்தில் வழக்கமாக இடம்பெறுவது ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற சொற்றொடர். அடுத்த நேர்காணலில் அது ஊழியரை இரண்டு பக்கமும் இடிக்கிறது. சொந்தக் காரணம் என்று அவர் சொன்னால், எந்தக் காரணம் என்ற அடுத்த கேள்விக்கு ஒரு பொய்யைக் கட்ட வேண்டியிருக்கும். வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னால் கையிலுள்ள காகிதம் அதை மறுக்கும். நிறுவனம் தன் வசதிக்காக எழுதி வாங்கிய வாசகத்தின் சுமை, வேலை இழந்தவரின் தலையிலேயே வந்து விழுகிறது. இது வேலை தேடுபவரின் பேச்சுத்திறமைக் குறைவு என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவது அநியாயம். காகிதத்திலேயே கோணல் இருக்கிறது.

இருந்தாலும் காகிதத்துக்கும் நடந்ததற்கும் பொருந்துகிற உண்மையான வாக்கியம் ஒன்று உண்டு: “பிரிவில் ஆட்குறைப்பு நடந்தது. ராஜினாமா செய்து விலகும்படி சொன்னார்கள், நானும் ஒப்புக்கொண்டேன்.” ராஜினாமா நடந்தது என்பதும் அதன் காரணம் நிறுவனத்தின் முடிவு என்பதும் இதில் சேர்ந்தே வருகின்றன. ரிலீவிங் லெட்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் முரண்பாடு இல்லை.

ஆவணங்கள் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அந்தத் தெளிவின்மையே பாதி அச்சத்துக்குக் காரணம். வருங்கால வைப்பு நிதியில் 2014 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரே யூ.ஏ.என். எண் தொடர்வதால், எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார் என்பது அதில் வரிசையாகப் பதிவாகியிருக்கும். நான்கு மாதம் வேலை பார்த்த நிறுவனத்தை பயோடேட்டாவில் விட்டுவிட்டால் பெரும்பாலும் இங்கே வெளிப்பட்டுவிடும். வருமான வரித் துறையின் படிவம் 26ஏ.எஸ். யார் யார் சம்பளத்தில் வரி பிடித்தார்கள் என்பதைக் காட்டும். ஆனால் வைப்பு நிதிப் பதிவில் விலகலுக்கான காரணம் ஓய்வு, மரணம், நிரந்தர இயலாமை, பணி முடிவு என்ற அளவில்தான் வகைப்படுத்தப்படுகிறது. தகராறு, செயல்திறன் குறைவு, கட்டாய ராஜினாமா எல்லாமே அங்கே வெறும் பணி முடிவுதான். எப்போது போனார் என்பதைச் சொல்லும் அந்தப் பதிவு, எப்படிப் போனார் என்பதைச் சொல்லாது.

எப்படிப் போனார் என்பது வேறு வழியாக வருகிறது. வேலை உறுதியான பிறகோ சேர்ந்த சில வாரங்களிலோ பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனம் பழைய நிறுவனத்துக்கு ஒரு படிவத்தை அனுப்பும். அதில் சேர்ந்த தேதி, கடைசி வேலைநாள், பதவி, கடைசிச் சம்பளம், விலகிய காரணம் ஆகியவற்றோடு, இவரை மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா என்று ஒரு கட்டமும் வழக்கமாக இருக்கும். ஆம், இல்லை என்று குறித்தால் போதும், விளக்கம் எழுத வேண்டியதில்லை. ஊழியரின் கண்ணுக்குப் படாத அந்த ஒரு கட்டம், அவர் நேர்காணலில் பேசிய எல்லாவற்றையும்விட அதிகம் பேசிவிடும். பெரிய நிறுவனங்கள் பல, தேதியையும் பதவியையும் மட்டும் உறுதி செய்துவிட்டு மற்றவற்றைக் காலியாக விடுவதுண்டு. சிறிய நிறுவனத்தில் முதலாளியே தொலைபேசியை எடுப்பார், அங்கே அவர் மனநிலைதான் சான்றிதழ்.

ஆகையால் வெளியேறும் நாளிலேயே அடுத்த நேர்காணல் தொடங்கிவிடுகிறது. விலகிய காரணமாக என்ன பதியப்படும் என்று மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்வது பின்னால் பெரிதும் உதவும். கோபத்தில் லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு வருவதும், நோட்டீஸ் காலத்தில் சொல்லாமல் நின்றுவிடுவதும் ‘அப்ஸ்காண்டிங்’ என்ற பெயரில் பதிவாகும். தகராறு மேலாளரோடு இருந்திருக்கலாம், ஆனால் கோப்பில் நிற்பது ஊழியரின் பெயருக்கு நேரே அந்த ஒரு சொல்தான்.

நேர்காணல் அறையில் நடப்பதைப் பற்றி உளவியலும் பொருளியலும் சில பயனுள்ள முடிவுகளைத் தந்திருக்கின்றன. அமெரிக்கப் பொருளியலாளர்கள் ராபர்ட் கிப்பன்ஸ், லாரன்ஸ் காட்ஸ் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு, தொழிற்கூடம் முழுவதும் மூடப்பட்டதால் வேலை இழந்தவர்களையும், நிறுவனம் ஆள் பார்த்து நிறுத்தியதால் வேலை இழந்தவர்களையும் ஒப்பிட்டது. ஆள் பார்த்து நிறுத்தப்பட்டவர்களுக்கே அடுத்த வேலையில் ஊதிய இழப்பு அதிகமாக இருந்தது. பலரில் இவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற ஐயத்தைச் சந்தை ஒரு விலையாக மாற்றிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது: ஒரு பிரிவே கலைக்கப்பட்டிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். “என்னை எடுத்துவிட்டார்கள்” என்பதும் “வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, எங்கள் குழு முழுவதும் கலைந்தது” என்பதும் ஒரே நிகழ்வைச் சொல்லலாம். கேட்பவரின் மனத்தில் முதல் வாக்கியம் எழுப்பும் ஐயத்தை இரண்டாவது எழுப்புவதில்லை. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் (டி.சி.எஸ்.) 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது போன்ற செய்திகள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்துவிட்ட காலத்தில், ஆட்குறைப்பில் வேலை போனது என்று சொல்வதில் தலைகுனிய ஒன்றுமில்லை.

பழைய மேலாளரைக் குறை சொல்லக் கூடாது என்ற அறிவுரை எல்லோரும் கேட்டதுதான். அதை நாகரிகம் சார்ந்த அறிவுரையாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு வலுவான காரணம் வேறு இருக்கிறது. ஜான் ஸ்கவ்ரான்ஸ்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒருவர் மூன்றாம் நபரின் குணத்தை விவரிக்கும்போது கேட்பவர்கள் தம்மை அறியாமலேயே அந்தக் குணத்தைச் சொல்பவர்மேலும் ஏற்றிவிடுவது தெரியவந்தது. மேலாளர் சிடுசிடுப்பானவர், பொய் பேசுபவர் என்று விவரிப்பவரின் மேலேயே அந்தச் சிடுசிடுப்பும் பொய்யும் சற்று ஒட்டிக்கொள்கின்றன. சொல்வது முழு உண்மையாக இருந்தாலும் இது நடக்கும். எனவே ஆளின் குணத்தை விட்டுவிட்டு வேலையின் நிலைமையைச் சொல்வது நல்லது. “மேலாளர் கொடுமைக்காரர்” என்பதைவிட, “ஆறு மாதத்தில் மூன்று முறை பொறுப்பு மாறியது, எதை வைத்து என் வேலையை மதிப்பிடுகிறார்கள் என்பது தெளிவாக இல்லை” என்பது அதிக விவரம் தருகிறது, யாருடைய குணத்தையும் விவரிக்கவும் இல்லை.

எப்போது சொல்வது என்பதைப் பற்றி எட்வர்ட் ஜோன்ஸ், எரிக் கோர்டன் இருவரும் 1972இல் ஒரு சோதனை நடத்தினார்கள். தன் தவறால் நேர்ந்த பாதகத்தைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொன்னவரை, கடைசியில் சொன்னவரைவிடக் கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. தன் தவறில்லாமல் நேர்ந்ததை முதலிலேயே சொன்னவர் இரக்கம் தேடுபவராகத் தோன்றினார். தன் பக்கம் பிழை இருந்தால் தோண்டி எடுக்கும்வரை காத்திராமல் சொல்லிவிடலாம், பிழை இல்லையென்றால் கேட்கும்போது சொன்னால் போதும் என்று இதை நேர்காணலுக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு படி இருக்கிறது. காயம் ஆறாத நிலையில் எந்த நல்ல வாக்கியமும் வாயில் நிற்காது. 1994இல் ஸ்டெஃபனி ஸ்பேரா, எரிக் பர்ஃபைன்ட், ஜேம்ஸ் பென்னிபேக்கர் ஆகியோர், வேலை இழந்த தொழில்முறையாளர்களில் ஒரு குழுவினரை ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம், வேலை போனது பற்றிய தங்கள் ஆழ்ந்த உணர்வுகளை எழுதச் சொன்னார்கள். எழுதாதவர்களைவிட அவர்களுக்கு விரைவில் வேலை கிடைத்தது. அவர்கள் அதிக இடங்களுக்கு விண்ணப்பித்ததால் அல்ல, நேர்காணலில் கசப்பு வெளிப்படுவது குறைந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் ஊகம். சொல்ல வேண்டியதை முதலில் யாரும் படிக்காத தாளில் முழுவதும் சொல்லித் தீர்த்துவிட்டவருக்கு, அறைக்குள் மூன்று வாக்கியத்தில் நிறுத்திக்கொள்ள முடிகிறது.

இனி விலகலின் வகைகளுக்கு வரலாம். செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் என்ற பி.ஐ.பி.யில் போட்டு வெளியேற்றப்பட்டவரின் நிலை ஆட்குறைப்பைவிடக் கடினம், ஏனென்றால் அங்கே குறை ஊழியர்மேல் எழுதப்பட்டிருக்கும். அந்த மதிப்பீட்டை முழுவதும் மறுத்தால் தற்காப்பாகவும், முழுவதும் ஏற்றால் தோல்வியாகவும் கேட்கும். உண்மை பெரும்பாலும் நடுவில் இருக்கிறது. சோதனைப் பிரிவில் நன்றாகச் செய்துகொண்டிருந்தவரை வாடிக்கையாளர் தொடர்புக்கு மாற்றினார்கள், அது கைவரவில்லை, இப்போது மீண்டும் சோதனைப் பணிக்கே விண்ணப்பிக்கிறார் என்றால், அந்த விலகல் புதிய வேலைக்கு எதிரான சான்றாகாது. எது கைவரவில்லை, அதன்பிறகு என்ன செய்தார், இந்த வேலையில் அது ஏன் தடையாகாது என்று வரிசையாகச் சொன்னால் கேட்பவரின் முதல் ஐயம் தீரும். பொத்தாம்பொதுவாக ‘நிறையக் கற்றுக்கொண்டேன்’ என்று முடித்தால் தீராது.

உடல்நிலைக்காகவோ பெற்றோரைக் கவனிப்பதற்காகவோ விலகியவர் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மனநலச் சிகிச்சை பற்றிய தகவலை இரகசியமாக வைக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே தருகிறது. “உடல்நிலை காரணமாக ஓராண்டு ஓய்வு தேவைப்பட்டது, இப்போது முழுநேரம் வேலை பார்க்க முடியும்” என்பது நிறைவான பதில். பாலியல் தொல்லையால் வெளியேறிய பெண்ணுக்கும் இதே அளவு போதும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்தவர், குற்றம் சாட்டப்பட்டவர், விசாரணை ஆகியவற்றின் விவரங்களைப் பொதுவெளியிலும் ஊடகத்திலும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. முன்பின் தெரியாத நால்வர் முன்னால் அந்த அனுபவத்தை மீண்டும் விவரித்துத் தன் விலகலை நியாயப்படுத்தும் கடமை எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. பணிச்சூழல் பொருந்தவில்லை என்ற ஒரு வரி இங்கே பொய்யாகாது. கர்ப்பகாலத்தில் வேலை பறிபோனவர்களின் நிலையும் இதை ஒட்டியதுதான். 2015 ஜனவரியில் டி.சி.எஸ். நிறுவனத்தின் கர்ப்பிணி ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது பலருக்கு நினைவிருக்கும்.

ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவரின் நிலைதான் மிகக் கடினம். 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்ததாக 300 ஊழியர்களை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி அறிவித்தார். இப்படி நீக்கப்பட்டவர்கள் மறைக்க நினைப்பது இயல்பு. ஆனால் இந்த வகையில்தான் சரிபார்ப்பில் சிக்கும் வாய்ப்பும் அதிகம். செய்ததை ஒரே வாக்கியத்தில், அழகுபடுத்தாமல் சொல்லிவிட்டு, அதற்குப்பின் வந்த காலத்தைப் பற்றிப் பேசுவதே இங்கே இருக்கும் வழி. அதைக் கேட்டுச் சில இடங்களில் வேலை தர மாட்டார்கள். அந்த இழப்பைக் குறைத்துச் சொல்வதில் பயனில்லை. மறைத்துச் சேர்ந்தவர், பழைய குற்றத்தோடு மறைத்த குற்றத்தையும் சுமக்கிறார், இரண்டாவதற்கு மன்னிப்புக் கிடைப்பது அரிது. அரசுப் பணியில் இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2016இல் அவதார் சிங் வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. அது குற்றவழக்கு விவரத்தை மறைத்தது பற்றிய வழக்கு. விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்திய தீர்ப்பு, மறைக்கப்பட்டது அற்பமான விஷயம் என்றால் மன்னிக்கவும் நிர்வாகத்துக்கு இடம் தந்தது.

அரசு விதிகளிலேயே இன்னொரு நுணுக்கமும் உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின் 11ஆம் விதி, வேலையை விட்டு அனுப்புவதை ‘ரிமூவல்’, ‘டிஸ்மிசல்’ என்று இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகையில் போனவர் மீண்டும் அரசு வேலைக்கு வரத் தடையில்லை. இரண்டாவது வகையில் போனவருக்குப் பொதுவாகத் தடை உண்டு. விண்ணப்பத்தில் இவை இரண்டையும் குழப்பி எழுதினால் இல்லாத தகுதியிழப்பை ஒருவர் தானே வரவழைத்துக்கொள்ள நேரும்.

ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைப்பது தனியார் துறையின் பழைய ஆயுதம். நோட்டீஸ் காலம் முடிக்கவில்லை, பாண்டுத் தொகை கட்டவில்லை என்று காரணம் சொல்வார்கள். பாண்டு எல்லாமே செல்லாது என்ற பரவலான நம்பிக்கை சரியல்ல. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகியவரிடம் 2 லட்சம் ரூபாய் வசூலிக்கும் ஒப்பந்தத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதேசமயம், விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரவே கூடாது என்று தடுக்கும் நிபந்தனை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. கடிதம் கையில் இல்லாதவர் நேர்காணலிலேயே அதைச் சொல்லி, சம்பளச் சீட்டு, வைப்பு நிதிப் பதிவு, ராஜினாமாவை ஏற்ற மின்னஞ்சல் ஆகியவற்றை மாற்றுச் சான்றாகத் தரலாம். பல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன.

ஊழியரின் நாவன்மையை மட்டும் நம்பி இந்தச் சிக்கல் தீராது. 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி ஆணைகளில், பணிநீக்கம் செய்யப்பட்ட நிரந்தரத் தொழிலாளிக்கும் பணிச்சான்றிதழ் பெறும் உரிமை எழுதப்பட்டிருந்தது. கெட்ட பெயரோடு போகிறவரும் வேலை பார்த்த காலத்துக்குச் சான்று பெற்றுப் போக வேண்டும் என்று 80 ஆண்டுகளுக்கு முன்பே நினைத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கட்டடங்களில் இருப்பவர்களுக்கு அந்த நினைப்பு வரவில்லை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு 1947இலேயே சொன்னது. கேட்டு வாங்கும் ராஜினாமா அந்தப் பாதுகாப்பைச் சுற்றிப்போகும் பாதை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, எந்த வகையில் விலகினாலும் நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலைநாளில் தர வேண்டும் என்கிறது. காரணத்தை உண்மையாகப் பதிவதற்கும், சரிபார்ப்புப் படிவத்தில் என்ன எழுதப்பட்டது என்பதை ஊழியர் பார்ப்பதற்கும் இதே தெளிவோடு ஒரு விதி தேவை.

சரிபார்ப்பில் முரண்பாடு வந்தால் பல நிறுவனங்கள் உடனே வேலையை ரத்து செய்வதில்லை, விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புகின்றன. தேதி ஒரு வாரம் பிசகியதும், பதவியின் பெயர் மாறியிருப்பதும் ஆவணத்தோடு விளக்கினால் முடிந்துவிடும். விலகிய காரணத்தில் முரண்பாடு என்றால், நேர்காணலில் சொன்ன அதே வாக்கியத்தை எழுத்தில் தந்து, நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தை இணைக்க வேண்டும். சேரும் நாளில் தரப்படும் படிவத்தில், எப்போதாவது பணிநீக்கம் செய்யப்பட்டதுண்டா என்ற கேள்வி இருந்தால், அங்கே எழுதும் பதிலும் இதோடு ஒத்திருக்க வேண்டும். ராஜினாமாக் கடிதம் கொடுத்து அது ஏற்கப்பட்டிருந்தால் அதற்கு ‘இல்லை’ என்று எழுதுவது சரியான பதில்தான். பணிநீக்கக் கடிதம் கையில் வாங்கியவர், அது தவறான நடவடிக்கை என்று வழக்கே தொடுத்திருந்தாலும், ‘ஆம்’ என்று எழுதி வழக்கு நிலுவையில் இருப்பதைப் பக்கத்தில் குறிக்க வேண்டும்.